சப்வூஃபர் பெட்டி: ஆழ்ந்த பேஸ் வராதபோது எங்கே பார்க்க வேண்டும்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளுக்குச் சப்வூஃபர் பெட்டி (பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டி) செய்து கொடுப்பதும், பிறர் செய்த பெட்டியைச் சரிசெய்வதும் என் வேலை. புகார் எப்போதும் ஊஃபரின் (பெட்டியில் மாட்டிய ஸ்பீக்கரின்) மீதோ ஆம்பிளிஃபயரின் மீதோதான் வரும். போய்ப் பார்த்தால் குறை பெரும்பாலும் பெட்டியிலோ, பெட்டி நிற்கும் இடத்திலோ இருக்கும். புதிய ஊஃபருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே பெட்டியில் அதே குறையோடு மீண்டும் கூப்பிட்டவர்கள் பலர் என்பதால், செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவுள்ளவற்றைக் கடைசியிலும் வைத்து இதை எழுதுகிறேன்.

தேவையானவை: ஒற்றை அதிர்வெண்ணை ஒலிக்கச் செய்யும் ஒரு கைபேசிச் செயலி, மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, அளவுநாடா, ஊதுபத்தி. அதிர்வெண் சோதனைகள் எல்லாவற்றையும் குறைந்த ஒலியில் செய்யுங்கள். தொடர்ந்து ஒலிக்கும் ஒற்றைச் சுரம், பாட்டைவிட மிக விரைவாக ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலைச் சூடாக்கிவிடும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பெட்டி என்று பாருங்கள். துளை எதுவும் இல்லையென்றால் அது மூடிய பெட்டி. குழாயோ நீண்ட பிளவோ இருந்தால் போர்ட் பெட்டி. ஊஃபர் போலவே இருந்து, ஆனால் வயர் எதுவும் போகாத இன்னொரு கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) இருந்தால் பாசிவ் ரேடியேட்டர். கோன் கண்ணுக்கே தெரியாமல் துளை மட்டும் தெரிந்தால் பேண்ட்பாஸ். ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில் பழுதாகும் என்பதால், கீழே உள்ள கிளைகளில் எதைப் பின்பற்றுவது என்பதை இந்த அடையாளமே தீர்மானிக்கிறது.

## அறிகுறி 1: ஒலி இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை

அதிகம் வரும் புகார் இது. பாட்டில் அடி விழுகிறது, ஆனால் படத்தில் வரும் இடியோ, பூமி அதிரும் காட்சியோ மெலிந்து ஒலிக்கிறது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் தெருக்களில் திருவிழாவுக்குக் கட்டும் பெரிய பெட்டிகள் நெஞ்சில் மோதும்போது நாம் உணர்வது பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. ஆழ்ந்த பேஸ் என்பது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. பேஸ் கிடாரின் தடித்த தந்தியே 41 ஹெர்ட்ஸில்தான் நிற்கிறது. ஆகவே 'அடி இருக்கிறது, ஆழம் இல்லை' என்ற புகாரில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு.

அமைப்பு. ஏ.வி. ரிசீவரில் (ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கருவியில்) முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் பின்புறத்திலும் ஒரு கிராஸ்ஓவர் திருகு இருந்தால் அதை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யக் கூடாது.

ஃபேஸ் (சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைவது). 80 ஹெர்ட்ஸ் சுரத்தை முன் ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபரிலும் ஒருசேர ஒலிக்கவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அமர்ந்து, வீட்டில் ஒருவரைச் சப்வூஃபரில் உள்ள 0 – 180 சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி கூடுதலாகக் கேட்கிறதோ அதுவே சரியான நிலை.

இடம். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேலேயே வைத்து 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றி இறக்கியபடி, சுவரோரமாகத் தரைக்கு அருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நகருங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். இந்தச் சோதனை ஒன்றே பாதிப் புகார்களைத் தீர்த்திருக்கிறது. செலவு எதுவும் இல்லை என்பதாலேயே யாரும் அதை நம்புவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இரட்டைக் காயில் இணைப்பு. ஊஃபரில் நான்கு முனைகள் இருந்தால் அதில் இரண்டு காயில்கள் உள்ளன. ஒன்றின் கூட்டலும் கழித்தலும் மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, கோன் அசையாமல் காயில் மட்டும் சூடேறும். மல்டிமீட்டரில் இது தெரியாது. அளவு சரியாகவே காட்டும். ஆம்பிளிஃபயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஒவ்வொரு காயிலின் நேர்முனையிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் கோன் வெளியே வர வேண்டும்.

காற்றுக் கசிவு (மூடிய பெட்டி). மூடிய பெட்டியின் கோனை இரு கைவிரல்களால் சமமாக மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். அது தயங்கித் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் காற்று கசிகிறது. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, 35 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒலிக்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஊதுபத்திப் புகையை ஒவ்வொரு மூட்டின் அருகிலும் காட்டுங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே கசிவு. வயர் இணைக்கும் பின்புறக் கிண்ணம்தான் முதல் சந்தேகத்துக்குரியது; அடுத்தது ஊஃபரின் சட்டத்தடி. ஜன்னலில் ஒட்டும் ஃபோம் பட்டை ஒன்றைச் சட்டத்தின் கீழே ஒட்டி, திருகுகளை எதிரெதிராக இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

கொள்ளளவு. மேலே உள்ள எல்லாம் சரியென்றால் அளவுநாடாவை எடுங்கள். இங்கேதான் அதிகமான பெட்டிகள் தோற்கின்றன. வெளிப்புறம் 40 செ.மீ. கனசதுரமாக ஒரு பெட்டியைச் செய்துவிட்டு, அது 64 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 18 மி.மீ. பலகையில் செய்தால் உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் 36.4 செ.மீ. மட்டுமே, கொள்ளளவு 48 லிட்டர். அதற்குள் 12 அங்குல ஊஃபரின் காந்தமும் கூடையும் ஏறக்குறைய 3 லிட்டரையும், 11 செ.மீ. வெளிவிட்டமுள்ள 45 செ.மீ. குழாய் 4 லிட்டருக்கு மேலும் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது 41 லிட்டர். தச்சரிடம் அளவு சொல்லும்போது உள்ளளவா வெளியளவா என்று சொல்லாததால் வரும் நட்டம் இது.

மூடிய பெட்டி சற்றே சிறியதாகிவிட்டால், தலையணையில் அடைக்கும் செயற்கைப் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி 10 முதல் 20 சதவீதம் பெரிதானது போல நடந்துகொள்ளும். இலவம் பஞ்சு வேண்டாம். நம் ஈரக் காற்றில் அது கட்டிபட்டுப் பூச்சி பிடிக்கும். போர்ட் பெட்டியில் இந்த வழி உதவாது. அங்கே பஞ்சை நிறைத்தால் போர்ட்டின் வேலையே கெடும்.

ஊஃபரும் பெட்டியும் பொருந்தாமை. ரிச்சி தெருவில் வாங்கிய கார் ஊஃபரை வீட்டுப் பெட்டியில் போட்டவர்கள் இந்தக் கிளைக்கு வந்து சேர்வார்கள். காரின் சிறிய மூடிய இடம் ஆழ்ந்த பேஸைத் தானாகவே உயர்த்திக் கொடுக்கும். அதை நம்பி வடிவமைத்த ஊஃபர் வீட்டுக் கூடத்தில் மெலிந்துபோகும். ஊஃபரோடு வந்த தாளில் எஃப்.எஸ். (Fs) என்ற எண்ணைக் க்யூ.இ.எஸ். (Qes) என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 50க்குக் கீழே இருந்தால் மூடிய பெட்டி, 100ஐ ஒட்டியிருந்தால் போர்ட் பெட்டி, இடையில் இருந்தால் இரண்டும் ஆகும். இது தோராயமான வழிகாட்டிதான் என்றாலும், தவறான பெட்டியில் மாட்டிய ஊஃபரை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: தாளே இல்லாத ஊஃபர் என்றால் அதன் அளவுருக்களை அளந்து சொல்லக்கூடியவரிடம் கொண்டுபோங்கள். ஊகத்தில் இரண்டாவது பெட்டியைச் செய்யாதீர்கள்.

## அறிகுறி 2: ஒரே சுருதியில் குமுறுகிறது

எந்தப் பாட்டைப் போட்டாலும் பேஸ் ஒரே 'பூம்' ஆக வருகிறது என்பார்கள். ஊஃபரைத் தொடும் முன் அறையை அளவெடுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 57 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி நிற்கும். பன்னிரண்டடி நீளத்தில் அது 47 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் சமமாக உள்ள அறையில் இரண்டு தேக்கங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து இரட்டிப்பாகும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படிச் சதுர அறைகள் நிறையவே உண்டு.

சுரத்தை 30லிருந்து 80 வரை ஏற்றிக்கொண்டே கேளுங்கள். குமுறல் அறை அளவு சொல்லும் எண்ணில் வந்தால், காரணம் அறை. பெட்டியை மூலையிலிருந்து எடுத்து, சுவரின் நடுப்பகுதிக்கோ நாற்காலிக்கு அருகிலோ கொண்டுவாருங்கள். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்துவதும் உதவும். மெத்தையோ கனமான திரையோ இந்த அதிர்வெண்ணில் ஒன்றும் செய்யாது. அதற்காகச் செலவிட வேண்டாம். அப்படியும் போகாவிட்டால், அந்த ஓர் எண்ணை மட்டும் குறைக்கக்கூடிய ஈக்வலைசர் வசதியைப் பயன்படுத்தலாம். குறைப்பதற்கு மட்டும்தான், எங்காவது ஒலி விழுந்த பள்ளத்தை ஏற்றி நிரப்ப முயன்றால் ஆம்பிளிஃபயர்தான் திணறும்.

பெட்டியை வெளித் திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ எடுத்துப்போன பிறகும் அதே சுரத்தில் குமுறினால், காரணம் பெட்டி. மூடிய பெட்டியானால் கொள்ளளவு ஊஃபருக்குப் போதவில்லை. போர்ட் பெட்டியானால் போர்ட் நீளம் குறைவு. பேண்ட்பாஸ் ஆனால் அதன் இயல்பே அதுதான்; குறுகிய எல்லைக்குள் மட்டும் உரக்க ஒலிக்கும்படி செய்தது அது, அதைத் திருத்த முடியாது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய பேண்ட்பாஸ் பெட்டிகளை வீட்டில் படம் பார்க்க வாங்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கோன் உள்ளே மறைந்திருப்பதால், அது சிதைந்து கத்துவதும் வெளியே கேட்காது. காயில் கருகிய வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

## அறிகுறி 3: போர்ட்டில் 'புஸ் புஸ்' என்று காற்றுச் சத்தம்

முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கரப்பான், பல்லி, ஒட்டடை எல்லாம் போர்ட்டுக்குள் குடியிருக்கும். ஊருக்குப் போகும்போது போர்ட்டை ஒரு துணியால் அடைத்து, திரும்பி வந்ததும் எடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

அடுத்து, போர்ட் வாய்க்கும் சுவருக்கும் இடையே குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் உள்ளே குழாயின் மறுமுனைக்கும் இதே விதி பொருந்தும்.

பிறகு குழாயின் விட்டம். 50 லிட்டர் பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்கு இசைக்க (போர்ட் அந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிக்கும்படி அமைக்க), 7.5 செ.மீ. உள்விட்டக் குழாய் 24 செ.மீ. நீளம் வேண்டும், 10 செ.மீ. உள்விட்டக் குழாய் 45 செ.மீ. வேண்டும். நீளம் பெட்டிக்குள் அடங்குகிறது என்பதற்காகச் சிறிய குழாயைத் தேர்ந்தெடுத்தால், 12 அங்குல ஊஃபர் தள்ளும் காற்று அதற்குள் திணறிச் சீறும். அகலக் குழாயை வைத்து நீளத்தைக் குறைத்தால் இசைப்பு மேலே ஏறிவிடும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் நான்கங்குலப் பி.வி.சி. குழாயை எல்போ போட்டு மடக்கி வைப்பதே சரியான வழி. குழாயின் இரு வாய்களையும் உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்கினாலே சத்தம் ஓரளவு அடங்கும்.

இவ்வளவுக்கும் இடமில்லாத சிறிய பெட்டியென்றால், போர்ட்டுக்குப் பதிலாகப் பாசிவ் ரேடியேட்டர் வைப்பது விலை கூடினாலும் சீறலை அடியோடு நீக்கும். அது ஊஃபரைப் போல இரண்டு மடங்கு காற்றையாவது தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் எடையைக் கூட்டிக் குறைத்து இசைக்கும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: ஆழமான காட்சியில் மட்டும் 'டக்' என்று அடிபடுகிறது

உடனே ஒலியைக் குறையுங்கள். காயில், காந்தத்தின் பின்தகட்டில் மோதும் சத்தம் அது. சில முறை கேட்டாலே காயில் நசுங்கிவிடும்.

போர்ட் பெட்டி எனில், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இசைப்பு அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டிக் காற்று கோனைப் பிடித்து நிறுத்துவதில்லை. கோன் வெட்டவெளியில் ஆடுவதுபோல ஆடும். பெட்டியின் இசைப்பு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். 50 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறங்கியபடி கோனைப் பாருங்கள். ஓரிடத்தில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும். போர்ட்டில் மட்டும் காற்று பலமாக வரும். அதுதான் இசைப்பு. அதற்குக் கீழே போனதும் கோன் திடீரென்று துள்ளுவதைக் காண்பீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பார்த்த பெட்டியில் 7.5 செ.மீ. குழாய் 15 செ.மீ. மட்டுமே இருந்தது. 30 ஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்ற 50 லிட்டர் பெட்டி அது. சோதித்தபோது கோன் நின்றது 36 ஹெர்ட்ஸில். வீட்டுக்காரர் அந்த ஒரு குறையால் இரண்டு ஊஃபர்களை இழந்திருந்தார். ஒன்பது செ.மீ. குழாய் சேர்த்ததும் மோதல் நின்றது.

திருத்தும் வரிசை இது: ஒலியைக் குறைப்பது, ஈக்வலைசரில் பேஸ் ஏற்றியிருந்தால் இறக்குவது, ஆம்பிளிஃபயரில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) இருந்தால் இசைப்புக்குச் சற்றுக் கீழே அமைப்பது, குழாய் நீளத்தைத் திருத்துவது. ஃபில்டர் இல்லாத ஆம்பிளிஃபயரில் போர்ட் பெட்டியை இணைத்துப் படம் பார்ப்பவருக்கு, தனி ஃபில்டர் வாங்குவது அடுத்த ஊஃபர் வாங்குவதைவிடக் குறைந்த செலவு.

மூடிய பெட்டியில் இதே சத்தம் வந்தால், கசிவுச் சோதனையைச் செய்யுங்கள். கசிவு இல்லையென்றால் நீங்கள் கேட்பது ஊஃபரின் திறனுக்கு மேல். ஒவ்வொரு எண்மம் (ஆக்டேவ், அதாவது அதிர்வெண் பாதியாவது) கீழே இறங்கும்போதும் அதே உரப்புக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 40 ஹெர்ட்ஸில் எளிதாக ஒலிக்கும் 8 அங்குல ஊஃபரால் 20 ஹெர்ட்ஸில் அதே உரப்பைத் தர இயலாது. எந்தப் பெட்டியாலும் இதை மாற்ற முடியாது.

## அறிகுறி 5: கரகரப்பு, அதிர்வு, ஓசை

சப்வூஃபரைக் கையில் தொட்டபடி ஒருவரும், அறையைச் சுற்றி மற்றொருவரும் தேடுங்கள். பீரோக் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, சாமிப் படம், ஜன்னல் கம்பி, கூரைத் தகடு என்று அதிர்வது பெரும்பாலும் வீட்டுப் பொருள்தான்.

பெட்டிதான் அதிர்கிறது என்றால், பலகையை விரல்கணுவால் தட்டுங்கள். முப்பது செ.மீ.க்கு மேல் அகலமுள்ள பலகை உள்ளே குறுக்குக்கட்டை இல்லாமல் இருந்தால் பறையைப் போல ஒலிக்கும். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து ஒரு கட்டை வைத்தால் தீரும்; அந்தக் கட்டையின் கன அளவையும் கொள்ளளவில் கழிக்க மறக்காதீர்கள்.

ஊஃபர்தான் என்றால், கோனை மெல்லச் சமமாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் விலகியிருக்கிறது. விளிம்பு ஃபோமாக இருந்தால் நகத்தால் தொட்டுப் பாருங்கள்; பொடியாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காசிமேடு, ராயபுரம் போன்ற கடலோர வீடுகளில் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, இணைப்பு விட்டுவிட்டு வருவதும் இதே கரகரப்பைத் தரும். கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்கினால் போதும். மல்டிமீட்டரில் 4 ஓம் ஊஃபர் 3 முதல் 3.7 வரை காட்ட வேண்டும். 8 ஓம் என்றால் 5.5 முதல் 7 வரை. எண் நிலையில்லாமல் துள்ளினால் கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்துகொண்டிருக்கிறது.

விளிம்பு மாற்றுவது, காயில் மாற்றுவது இரண்டும் ரீகோன் செய்யும் (ஊஃபரின் கோன், காயில் போன்றவற்றை மாற்றித் தரும்) கடையின் வேலை. விலையைக் கேட்டு, அது புதிய ஊஃபரின் பாதி விலையைத் தாண்டினால் புதியதை வாங்குங்கள்.

## அறிகுறி 6: விடாத 'ஹம்'

சிக்னல் வயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் பெட்டிக்கும் ஆம்பிளிஃபயருக்கும் பழுதில்லை. பெரும்பாலும் கேபிள் டிவி வயரின் வழியாக வரும் எர்த் சுழல் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவது). செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் உறுதியாகும். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகைச் சுவிட்சில் இணைத்துப் பாருங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

வயரைக் கழற்றிய பிறகும் ஹம் இருந்தால் ஆம்பிளிஃபயரின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். சுவிட்சை அணைத்த பின்னும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். திறக்காமல் டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

## அறிகுறி 7: வெள்ளத்துக்குப் பிறகு பேஸ் கெட்டது

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரையில் நின்ற பெட்டிகள் பல நனைந்தன. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பெட்டி அடியில் உப்பிவிட்டால் காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. மூட்டு திறந்து காற்று கசியும். அதை ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். ஊஃபரைக் கழற்றி நிழலில் சில நாள் உலர்த்தி, மேலே சொன்ன மல்டிமீட்டர்ச் சோதனையும் உரசல் சோதனையும் தேறினால் புதிய பெட்டியில் மாட்டலாம். எண்ணூர்ப் பக்கம் 2023இல் போல எண்ணெய் கலந்த நீர் புகுந்திருந்தால், விளிம்பையும் பசையையும் நம்பாமல் ரீகோன் கடையில் காட்டுங்கள். ஆம்பிளிஃபயர் நனைந்திருந்தால் உலர்ந்த பிறகும் மின்சாரம் கொடுக்காமல் டெக்னீஷியனிடம் கொடுங்கள். புதிய பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் விலை கூடுதல்தான். கீழ்த்தள வீட்டுக்கு அது அவசியம் என்பது என் கருத்து. பெட்டியை ஓரடி உயர மேடையில் ஏற்றி வைத்தாலும் பேஸ் குறையாது.

## அறிகுறி 8: எல்லாம் சரி, ஆனாலும் போதவில்லை

எல்லாச் சோதனையும் தேறிய பிறகும் மனம் நிறையவில்லை என்றால் பெட்டியின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு முன் வீட்டைப் பாருங்கள்.

காங்கிரீட் கூரையும் மூடக்கூடிய கதவும் உள்ள சிறிய அறையில், மிகக் கீழான பேஸை அறையே உயர்த்திக் கொடுக்கும். மூடிய பெட்டியின் ஒலி கீழே போகப்போக எண்மத்துக்கு 12 டெசிபெல் என்று மெல்லச் சரிவதால், அறை தரும் உயர்வு அதை ஓரளவு ஈடுகட்டும். இத்தகைய அறைக்குப் பெரிய ஊஃபர் உள்ள மூடிய பெட்டியே என் முதல் தேர்வு. அளவில் சிறியது, செய்வதில் சிறு பிழையையும் பொறுத்துக்கொள்ளும், வீட்டிலேயே திருத்தலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகடு வேய்ந்த கூரை, கதவில்லாத கூடம் ஆகியவற்றில் ஆழ்ந்த பேஸ் வெளியே போய்விடும். அறையின் உதவி கிடைக்காது. அங்கே போர்ட் பெட்டிதான் ஈடுகொடுக்கும். இசைப்புக்குக் கீழே அது எண்மத்துக்கு 24 டெசிபெல் என்று செங்குத்தாக விழும் என்பதால், 25 ஹெர்ட்ஸை ஒட்டி இசைக்கும் அளவுக்குப் பெரிய பெட்டிக்கு இடம் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். இடமில்லாமல் 45 ஹெர்ட்ஸில் இசைத்த சிறிய போர்ட் பெட்டி, பாட்டுக்கு அடி தருமே தவிர ஆழம் தராது.

பொதுச்சுவர் உள்ள சந்து வீடுகளுக்கு வேறொரு வழி உண்டு. அதே மூடிய பெட்டியை, பொதுச்சுவரிலிருந்து விலக்கி, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னே ஓரடி தூரத்தில் வையுங்கள். அருகில் இருப்பதால் பாதிக்கும் குறைவான ஒலியிலேயே ஆழம் உணரப்படும். அடுத்த வீட்டுக்குப் போவதும் குறையும். சத்தம் போதவில்லை என்று புதிய ஊஃபருக்குப் பணம் சேர்த்தவர்கள் சிலர், இந்த இடமாற்றத்துக்குப் பிறகு அதை வாங்கவே இல்லை.

கூரையையும் இடத்தையும் பார்த்த பின்னும் எந்தப் பெட்டி என்று முடிவெடுக்க இயலவில்லை என்றால், உள்ளளவு, ஊஃபரின் தாள், அறையின் நீள அகல உயரம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு பெட்டி செய்பவரிடம் போங்கள். அந்த மூன்றையும் கேட்காமலே பலகையை அறுக்கத் தொடங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.